மினிமம் பேலன்ஸ் கட்டணம் பிடிக்கும் முன் வங்கி நமக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டுமா?

கேள்வி: சிறுவாடு

வீட்டில் ஒருவரின் சேமிப்புக் கணக்கு இது. மாதச் சராசரி இருப்பு 5,000 ரூபாய் இருக்க வேண்டிய கணக்கு. ஏப்ரல் 4, மே 5, ஜூன் 4 ஆகிய மூன்று தேதிகளில் தலா 295 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பிடித்த பிறகு ‘உங்கள் கணக்கிலிருந்து 295 ரூபாய் கழிக்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அதற்கு முன்னால் வந்த தகவல் ஒன்றே ஒன்றுதான். ஜனவரியில், ‘கட்டணத்தைத் தவிர்க்க மாதச் சராசரி இருப்பு 5,000 ரூபாய் பராமரிக்கவும்’ என்று எல்லாருக்கும் அனுப்புவது போல ஒரு செய்தி.

கிளையில் கேட்டதற்கு, ‘கட்டண விவரம் எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை’ என்கிறார்கள்.

வெப்சைட்டில் போட்டிருந்தால் போதுமா? ஜனவரியில் வந்த செய்தி அறிவிப்பு ஆகுமா? பணத்தைத் திரும்பக் கேட்க இடம் இருக்கிறதா?

பதில் 1: பேரேடு

போதாது. சேமிப்புக் கணக்கில் இருப்புக் குறைவுக்காகப் பிடிக்கும் கட்டணத்துக்கு, பிடிப்பதற்கு முன்பே அந்தக் கணக்குக்கென்று தனி அறிவிப்பு தர வேண்டும். கிளையில் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதல் விஷயம் கட்டணப் பட்டியல். கணக்கு தொடங்கும்போதே குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, குறைந்தால் என்ன கட்டணம் என்று சொல்லிவிட வேண்டும். பின்னாளில் அதை மாற்றினால், ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். 2002 டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொன்னது இது. வெப்சைட், அறிவிப்புப் பலகை எல்லாம் இந்த முதல் விஷயத்தில்தான் சேரும்.

இரண்டாவது, உங்கள் கணக்கில் இருப்பு குறைந்துவிட்டது என்கிற அறிவிப்பு. இதற்கு ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி இருப்பு குறைந்தவுடன் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாக, ‘இந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால் கட்டணம் பிடிக்கப்படும்’ என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் முடிந்தும் சரிசெய்யவில்லை என்றால்தான் கட்டணம். பிடித்ததையும் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு வந்த ‘295 ரூபாய் கழிக்கப்பட்டது’ செய்தி இந்தக் கடைசிக் கடமையை மட்டும்தான் நிறைவேற்றுகிறது. முன்னறிவிப்புக்கு அது ஈடாகாது.

ஜனவரிச் செய்தியும் ஆகாது. அதில் குறைவு ஏற்பட்டதாக ஒரு வார்த்தை இல்லை, ஒரு மாத அவகாசமும் இல்லை. பொதுவான நினைவூட்டல், அவ்வளவுதான்.

நாள்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் மாதச் சராசரி எவ்வளவு என்பது மார்ச் 31 இரவுதான் முடிவாகும். குறைவு அறிவிப்பை ஏப்ரல் 1-க்கு முன் அனுப்பவே முடியாது. அதிலிருந்து ஒரு மாதம் என்றால் மே 1. ஆக, ஏப்ரல் 4 அன்று பிடித்தது மார்ச் மாதக் குறைவுக்காக என்றால், அறிவிப்பு போனதா இல்லையா என்று விசாரிக்கவே தேவையில்லை. தேதியே தவறைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிப்ரவரி அல்லது அதற்கு முந்தைய மாதத்துக்காகப் பிடித்தோம் என்று சொன்னால், அந்த அறிவிப்பு மார்ச் 4-க்குள் போயிருக்க வேண்டும். அதனால் வங்கியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘ஒவ்வொரு 295-ம் எந்த மாதக் குறைவுக்காக?’

பதில் 2: ஐந்தொகை

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன் மூன்றும் மினிமம் பேலன்ஸ் கட்டணம்தானா என்று பாருங்கள். தேதிகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

295-ஐ 1.18-ஆல் வகுத்தால் சரியாக 250 வரும். 250 ரூபாய் கட்டணம், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 45 ரூபாய். 590 என்றால் 500 கூட்டல் 90. வங்கிக் கட்டணம் எதுவானாலும் முதலில் இப்படி வகுத்துப் பார்த்தால் அடிப்படைத் தொகை கிடைத்துவிடும். பிறகு கட்டணப் பட்டியலில் அந்தத் தொகை எந்த வரியில் இருக்கிறது என்று தேடலாம்.

இருப்புக் குறைவுக் கட்டணம் மாதாமாதம் ஒரே தொகையாக வருவது கொஞ்சம் இடிக்கிறது. எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற விகிதத்தில்தான் கட்டணம் இருக்க வேண்டும் என்கிறது அதே 2014 சுற்றறிக்கை. ஒப்புக்கொண்ட இருப்புக்கும் உண்மையான இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு நிலையான சதவீதம். இதைப் படிநிலைகளாக, அதாவது ஸ்லாபாக, வைத்துக்கொள்ள வங்கிக்கு அனுமதி உண்டு. மூன்று மாதமும் குறைவு ஒரே ஸ்லாபுக்குள் விழுந்திருந்தால் ஒரே தொகை வரலாம். நூறு ரூபாய் குறைந்தாலும் நாலாயிரம் குறைந்தாலும் 250 என்று இருந்தால் அது விதிக்குப் பொருந்தாது.

சராசரியை நீங்களே போடலாம். ஒவ்வொரு நாளும் இரவு முடிவில் இருக்கும் இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். 12 நாள் 10,000 ரூபாய், மீதி 18 நாள் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,20,000 கூட்டல் 9,000, மொத்தம் 1,29,000. முப்பதால் வகுத்தால் 4,300. குறைவு 700 ரூபாய். கட்டணம் குறைவில் 6 சதவீதம் என்றால் 42 ரூபாய், ஜி.எஸ்.டி. 7.56 சேர்த்து 49.56.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காலையில் போட்டு மாலையில் எடுத்த பணம் சராசரியில் சேராது, நாள் முடிவு இருப்பு மட்டும்தான் சேரும். ஞாயிறும் விடுமுறையும் நாட்களாகச் சேரும். அந்த நாட்களில் வரவு செலவு இல்லாவிட்டால் முந்தைய நாள் இருப்பே தொடரும். அதனால் வெள்ளிக்கிழமை மாலை எடுக்கும் பணம் மூன்று நான்கு நாள் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். 4, 5 தேதிகள் பெரும்பாலும் கடன் தவணையான இ.எம்.ஐ., மாத முதலீடான எஸ்.ஐ.பி. போகும் நாட்கள். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி பிடிக்கும் ‘ஏ.சி.ஹெச். ரிட்டர்ன்’ கட்டணமும் சில இடங்களில் இதே 250 கூட்டல் ஜி.எஸ்.டி.தான். அதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு விதி கிடையாது. ஏ.டி.எம். கார்டு ஆண்டுக் கட்டணம், இலவச எண்ணிக்கையைத் தாண்டிய ஏ.டி.எம். பயன்பாடு ஆகியவையும் அப்படித்தான். பட்டியலில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், மாற்றினால் ஒரு மாதம் முன்பு சொல்லியிருக்க வேண்டும், அதோடு சரி. ஒவ்வொரு முறை பிடிக்கும் முன்பும் கடிதம் எதிர்பார்க்க முடியாது. எஸ்.எம்.எஸ். கட்டணம் மட்டும், அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் இருக்க வேண்டும் என்று 2013-இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

பாஸ்புக்கில் வரிகள் சுருக்கமாக வெட்டுப்பட்டிருக்கும். நெட் பேங்கிங்கில் முழு ஸ்டேட்மென்ட் எடுத்து, மூன்று பதிவுகளின் விவர வரியை அப்படியே இங்கே போடுங்கள்.

சிறுவாடு

எடுத்துப் பார்த்தேன். ஐந்தொகை சொன்னது பாதி சரி. ஏப்ரல் 4: ‘மின் பேல் சார்ஜ் மார்ச்’, அதாவது மார்ச் மாத மினிமம் பேலன்ஸ் கட்டணம். மே 5: ‘ஏ.சி.ஹெச். ரிட்டர்ன் சார்ஜ்’. ஜூன் 4: ‘மின் பேல் சார்ஜ் மே’.

மே 5 அன்று 2,500 ரூபாய் தவணை போக வேண்டும். கணக்கில் 2,340 ரூபாய்தான் இருந்திருக்கிறது. 160 ரூபாய் குறைவால் திரும்பிவிட்டது.

பதில் 3: ஐந்தொகை

அப்படியானால் விஷயம் இன்னும் தெளிவாகிவிட்டது. மார்ச் குறைவுக்கு ஏப்ரல் 4 அன்றும், மே குறைவுக்கு ஜூன் 4 அன்றும் பிடித்திருக்கிறார்கள். மாதம் முடிந்த நான்காம் நாள் சாஃப்ட்வேர் தானாகவே பிடிக்கிறது என்று தெரிகிறது. ஒரு மாத அவகாசத்துக்கு அதில் இடமே இல்லை. இரண்டையும் திரும்பக் கேட்கலாம்.

மே 5 பதிவை மட்டும் தனியாக எடுத்தால் வங்கி பக்கம் நியாயம் இருப்பது போலத் தெரியும். ஆனால் ஏப்ரலில் 295 ரூபாய் தவறாகப் பிடிக்காமல் இருந்திருந்தால் அன்று கணக்கில் 2,635 ரூபாய் இருந்திருக்கும், தவணையும் போயிருக்கும். எனவே முதல் தவறின் விளைவு என்று காட்டி அதையும் கேளுங்கள். தவணை வாங்கும் நிறுவனமும் தன் பங்குக்கு பவுன்ஸ் கட்டணம் போட்டிருக்கக்கூடும், அந்த ரசீதையும் சேர்த்து வையுங்கள். வங்கி தானாகச் செய்யும் பற்றால் இருப்பு குறையும் என்றால் அதையும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் பழைய அறிவுறுத்தல்களில் ஒன்று. இந்த நிலைமைக்காகவே எழுதியது போல இருக்கிறது.

பதில் 4: காசோலை

ஒரு மாற்றுக் கருத்து. ஏப்ரல் 4 எஸ்.எம்.எஸ்.-ஐயே அறிவிப்பாக எடுத்துக்கொண்டால், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனவே ஜூன் 4 கட்டணம் செல்லும் என்று வங்கி வாதிடலாம். ஒரு முறை அறிவித்தால் இருப்பு சரியாகும் வரை மாதாமாதம் பிடிக்கலாம் என்றே பல வங்கிகள் நடந்துகொள்கின்றன.

பதில் 5: பேரேடு

வாதிடுவார்கள், அதனால் பதிலைத் தயாராக வைத்திருங்கள். கட்டணம் இனிமேல் வரும் என்று எச்சரிப்பதுதான் அறிவிப்பு. ‘ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பிடிப்போம்’ என்ற செய்தி அதில் இருக்க வேண்டும். பிடித்துவிட்டோம் என்று சொல்லும் செய்தியில் அது இல்லை. ஒரே அறிவிப்பு எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே அந்த முதல் அறிவிப்பே கிடையாது.

இனி செய்ய வேண்டியது. கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்துங்கள். கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பக்கத்தில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி பதில் தருவதற்கான 30 நாள் அவகாசம் இந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இந்த அளவு போதும்:

‘என் சேமிப்புக் கணக்கில் ஏப்ரல் 4 அன்றும் ஜூன் 4 அன்றும் இருப்புக் குறைவுக் கட்டணமாகத் தலா 295 ரூபாய் பற்று வைக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 தேதியிட்ட அறிவுறுத்தலின்படி, இருப்புக் குறைவு பற்றிய அறிவிப்பும் அதன்பின் ஒரு மாத அவகாசமும் தந்த பிறகே கட்டணம் வசூலிக்க வேண்டும். எனக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. அறிவிப்பு அனுப்பியிருந்தால் அனுப்பிய தேதி, நேரம், கைபேசி எண், செய்தியின் முழு வாசகம் ஆகியவற்றைத் தரவும். ஒவ்வொரு மாதமும் கணக்கிட்ட சராசரி இருப்பு, குறைவுத் தொகை, பொருத்திய சதவீதம் ஆகியவற்றையும் தரவும். அனுப்பவில்லையெனில் மேற்கண்ட இரு தொகையையும், ஏப்ரல் பற்றின் விளைவாக மே 5 அன்று ஏற்பட்ட தவணைத் திரும்பல் கட்டணம் 295 ரூபாயையும் திரும்ப வரவு வைக்கவும்.’

எஸ்.எம்.எஸ். வாசகத்தைக் கேட்கும் வரி முக்கியம். அனுப்பினோம் என்று சொல்வது எளிது. எந்த எண்ணுக்கு, எந்த வாசகம் என்று கேட்டால்தான் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்கள். முன்னதாக உங்கள் பக்கம் ஒன்றைச் சரிபாருங்கள்: கணக்கில் பதிந்திருக்கும் கைபேசி எண் இன்றும் கையில் இருப்பதுதானா? பழைய எண்ணுக்கு அனுப்பியிருந்து, எண்ணை மாற்றியதை நீங்கள் வங்கிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். கழித்ததாகச் சொன்ன செய்தி வந்துசேர்ந்திருக்கிறது என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அரசு வங்கியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் கணக்குக்கு அனுப்பிய குறைவு அறிவிப்பின் பதிவைக் கேட்கலாம். தனியார் வங்கிக்கு இது பொருந்தாது.

இன்னொன்று. 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒழுங்குமுறை தொடர்பான தன் பழைய சுற்றறிக்கைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து புதிய வழிகாட்டுதல்களாக வெளியிட்டது. ‘அந்தச் சுற்றறிக்கை இப்போது இல்லை’ என்று யாராவது சொன்னால் மலைக்க வேண்டாம். ‘அப்படியானால் அதற்குப் பதிலாக வந்த வழிகாட்டுதலில் இருப்புக் குறைவு அறிவிப்புப் பகுதியைக் காட்டுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள்.

பதில் 6: வரவுசெலவு

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் இல்லை. சி.எம்.எஸ். எனப்படும் புகார் இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை. சொல்லப்போனால் வக்கீல் மூலம் போட்டால் ஏற்க மாட்டார்கள்.

புகார்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் எழுதும் விதத்தால்தான். ‘250 ரூபாய் மிக அதிகம், ஏழைகளால் எப்படிக் கட்ட முடியும்’ என்று எழுதினால், கட்டணம் எவ்வளவு என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் தலையிட மாட்டோம் என்று மூடிவிடுவார்கள். ‘முன்னறிவிப்பு விதியைப் பின்பற்றவில்லை’ என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு, விசாரிப்பார்கள். மனசில் இருக்கும் ஆதங்கம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அந்தப் பெட்டியில் தேதி, தொகை, விதி மூன்றை மட்டும் எழுதுங்கள். வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரை நகலை இணைக்க மறக்காதீர்கள். முதலில் வங்கியிடம் போனதற்குச் சான்று இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நிராகரிப்பு. அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் வைத்துக்கொண்டு இங்கும் வர முடியாது.

கணக்கு வைத்திருப்பவருக்கு ஒரு யோசனை. மாதம் 5,000 சராசரி வைப்பது சிரமம் என்றால், அதே வங்கியில் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித்தரச் சொல்லுங்கள். பி.எஸ்.பி.டி. என்றால் கவுன்டரில் உடனே புரியும். குறைந்தபட்ச இருப்பே கிடையாது, பணம் போட வரம்பில்லை, மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றி எடுக்கலாம், ஏ.டி.எம். கார்டுக்கும் ஆண்டுக் கட்டணம் இல்லை. நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கும், வேறு எந்த வங்கியிலும் பி.எஸ்.பி.டி. கணக்கும் இருக்கக்கூடாது. பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே சேமிப்புக் கணக்கில் இந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவையும் 2025-இல் நிறுத்திவிட்டன.

சம்பளக் கணக்காக இருந்து, சில மாதம் சம்பளம் வராமல் சாதாரணக் கணக்காக மாறியதா என்றும் பாருங்கள். 5,000 ரூபாய் நிபந்தனை எப்போது முளைத்தது என்று தெரியாமல் திகைப்பவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் அதுதான்.

சிறுவாடு

எல்லாருக்கும் நன்றி. இன்று கடிதம் எழுதிவிட்டேன், நாளை கொடுக்கிறேன். இன்னும் ஒன்று. கணக்கில் இப்போது 180 ரூபாய்தான் இருக்கிறது. ஆப்பில் ‘லீன் 295’ என்று காட்டுகிறது, அதாவது 295 ரூபாயை வங்கி தனக்கென்று பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. கணக்கு மைனஸில் போய்விடுமா?

பதில் 7: பேரேடு

போகக்கூடாது. இருப்புக் குறைவுக் கட்டணத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு எதிர்மறை இருப்புக்குப் போகக்கூடாது என்று அதே 2014 அறிவுறுத்தல் சொல்கிறது. அதனால்தான் இப்போது பிடிக்காமல் லீன் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்து வரவு வந்தவுடன் தானாக எடுத்துக்கொள்ளும். கேஸ் மானியமோ முதியோர் உதவித்தொகையோ வந்து விழும் கணக்காக இருந்தால் முதலில் அதில்தான் கை வைக்கும்.

லீன் எந்த மாதத்துக்கு, எந்தக் கட்டணத்துக்கு என்று கேட்டு, அதை நீக்கக் கோரும் வரியையும் நாளைய கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். லீன் காட்டும் திரையைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிடித்த பிறகு அந்தத் திரை மறைந்துவிடும். அடுத்த தவணை 5-ஆம் தேதி என்றால் 2,500 மட்டும் போட்டால் போதாது. 295 லீனுக்குப் போய்விடும், மிஞ்சுவது 2,385, தவணை மறுபடியும் திரும்பும். புகார் முடியும் வரைக்கும் 4-ஆம் தேதி இரவுக்குள் கணக்கில் 2,795 ரூபாய்க்குக் குறையாமல் இருக்கட்டும். முடிந்தால் தவணையை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். தவணையைப் பிடித்துக்கொள்ள வங்கிக்குத் தரும் அனுமதியான மேண்டேட் புதிதாக நடைமுறைக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும், எனவே இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.